கொண்டுவந்தவன் கொடுக்கட்டும்!

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் உள்ள ஏதாவது ஒரு தென்னந்தோப்புக்குள் போய், கீழ்மட்டையில் ஓர் ஓலையைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகப் படிந்திருக்கும். மேற்புறத்திலோ அடுப்புக்கரி பூசியது போன்ற கறுப்பு. வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன் போன்ற நீர் கீழ் ஓலைகளில் சொட்டுகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. வெயில் படாத ஓலை எப்படி உணவு தயாரிக்கும்? மரம் இளைக்கிறது, காய் சிறுக்கிறது.

ஷூ கம்பெனியில் பகல் ஷிப்டு முடித்துவிட்டு வந்து, பதினெட்டுத் தென்னை மரங்களையும் பார்த்துக்கொள்ளும் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "இது எந்த ஊர்ப் பூச்சி, தோழரே? எங்கப்பா காலத்திலே இதைப் பார்த்ததே இல்லையே?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லுகிறோம். இது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் கிடைத்ததை வைத்து 2004-இல் விஞ்ஞானிகள் இதற்குப் பெயரிட்டார்கள். 2009-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டது. 2016-இல் நமது பொள்ளாச்சித் தோப்புகளில் இறங்கியது. அங்கிருந்து ஜில்லா ஜில்லாவாக நடந்து இன்று நம் வாசலுக்கு வந்திருக்கிறது. இத்தனை சிறிய பூச்சி சிறகடித்தா இரண்டு கடல்களைத் தாண்டியது? இல்லை. மனிதன் ஏற்றி இறக்கிய ஏதோ ஒரு சரக்கோடுதான் வந்திருக்க வேண்டும்.

அந்தச் சரக்கைக் கொண்டுவந்தவர் லாபத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். பூச்சியை நம் தோழரின் பதினெட்டு மரங்களுக்கு விட்டுவிட்டார். லாபம் ஒருவருக்கு, பூச்சி இன்னொருவருக்கு! இந்தக் கணக்கைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

தோல் பேட்டைக்கு இதில் என்ன?

"தொழிலாளர் பத்திரிகையில் போனஸைப் பற்றி எழுதுங்கள், பூச்சியைப் பற்றி வேளாண் அதிகாரிகள் கவலைப்படட்டும்" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு மூன்று விஷயங்களை நினைவூட்டுகிறோம்.

முதலாவது, நமது தோல் பேட்டைத் தொழிலாளி முழுக்கப் பட்டணத்து ஆள் அல்ல. வேலை குறைந்த மாதங்களில் அவன் வீட்டு அடுப்பை எரிய வைப்பது அரை ஏக்கர் நிலமும், நாலு தென்னையும், மனைவி வளர்க்கும் ஆடும்தான்.

இரண்டாவது, நம் தொழிலின் மூலப்பொருளையே பூச்சி தாக்கிய சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் நம் ஷாப்புகளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டுதான் தோல் பதனிட்டார்கள். பிறகு வாட்டில் பட்டையும் அதன் சாரமும் வந்தன. அந்த வாட்டில் மரங்களை நீலகிரியில் வளர்த்தார்கள். 1920-களில் அங்கே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பஞ்சுச் செதில் பூச்சி அந்த மரங்களைப் பற்றியது. அதைத் தின்னும் சிறு வண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட பிறகே அது அடங்கிற்று. மரம் ஆஸ்திரேலியாவினுடையது, பூச்சியும் ஆஸ்திரேலியாவினுடையது, மருந்தான வண்டும் ஆஸ்திரேலியாவினுடையது. ஆனால் மரம் முன்னால் வந்தது, பூச்சி பின்தொடர்ந்தது, வண்டை மட்டும் நாம் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. லாபம் தரும் சரக்கு தானே வரும். பரிகாரத்தை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, நம் கம்பெனி வாசலில் நிற்கும் மரப்பெட்டிகளும் பலகைத் தட்டுகளும். அவற்றின்மேல் சூடு போட்டதுபோல் ஒரு முத்திரை இருப்பதை லோடு ஏற்றும் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கோதுமைக் கதிர்ப் படம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பட்டறையின் எண், அத்துடன் எச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்துக்கள். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் நின்றது என்று அர்த்தம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயுவில் வைத்து எடுத்தது என்று அர்த்தம். பச்சைப் பலகைக்குள் வண்டும் புழுவும் பதுங்கி நாடுவிட்டு நாடு போகின்றன. 1996-இல் நியூயார்க் நகரத்து மரங்களில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குப் பெட்டிகளின் பலகையில் அது வந்ததென்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான், 2002-இல், உலகம் முழுமைக்கும் இந்த முத்திரை விதி வகுக்கப்பட்டது.

ஆகவே, தாவரச் சுகாதாரம் என்பது எங்கோ ரோமாபுரியில் கோட்டு அணிந்தவர்கள் பேசும் விவகாரம் அல்ல. அதன் முத்திரை நம் தோள்மேல் ஏறி இறங்குகிறது.

ஒப்பந்தம் என்ன சொல்லுகிறது?

பூச்சிக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதை நாடுகள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவையும் ஜாவாவையும் எட்டியது. இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழிலே சரிந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தேயிலைக்கு மாறிக்கொண்டார்கள். கடல் கடந்து கூலிக்குப் போன நம் தமிழ் மக்களுக்கு அந்த இடைக்காலத்தில் கூலியை யார் உத்தரவாதம் செய்தார்கள்?

ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பிலாக்சரா என்ற பேன் அழித்தபோது, 1878-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் வழியில் 1951-இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை ஏற்றது. 1952-இலேயே இந்தியா அதில் சேர்ந்துவிட்டது. இன்று 180-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் அங்கம் வகிக்கின்றன.

அந்த ஒப்பந்தத்தின் முக்கியமான கடமை ஒன்று உண்டு. ஒரு நாட்டில் புதிய பூச்சியோ நோயோ தோன்றினால், திடீரெனப் பெருகினால், புது இடத்துக்குப் பரவினால், அது பிற நாடுகளுக்கு ஆபத்தாகுமென்றால், உடனே அறிவிக்க வேண்டும். என்ன பூச்சி, எங்கே கண்டது, எப்போது கண்டது, என்ன ஆபத்து என்ற விவரங்களோடு அறிவிக்க வேண்டும். எப்படி அறிவிப்பது என்பதற்கு 2002-இல் தனி விதியே எழுதினார்கள்.

ஊரில் அம்மை வந்தால் வாசலில் வேப்பிலை கட்டுகிறோமே, அதே தர்மம்தான். "இங்கே நோய் இருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள்" என்று வெளியில் சொல்வது. ஆனால் கட்டுகிற வீட்டை ஊரே ஒதுக்கி வைத்துப் பட்டினி போட்டால், அடுத்த வீட்டுக்காரன் வேப்பிலை கட்டுவானா? மறைப்பான். நாடுகளின் கதையும் அதுதான். அறிவித்த நாட்டின் சரக்கை வாங்கும் நாடு துறைமுகத்தில் நிறுத்துகிறது. உண்மையான ஆபத்து உள்ள அளவுக்கு நிறுத்துவது நியாயம். அதைச் சாக்காக வைத்து விலையை அடிப்பது அநியாயம். இந்தப் பயத்தால் வாய் மூடும் சர்க்கார்கள் உண்டு. வாய் மூடும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை கொடுப்பவன் சிறு விவசாயி.

"எல்லாம் ஏகாதிபத்திய ஏற்பாடு" என்போருக்கு

நம் பக்கத்திலேயே சில நண்பர்கள், சர்வதேச ஒப்பந்தம் என்றாலே பணக்கார நாடுகளின் கண்ணி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு முடிவுக்கு வரக்கூடாது. மரவள்ளிக் கிழங்கின் கதையைக் கேளுங்கள்.

1970-களில் ஆப்பிரிக்காவின் காங்கோ நதி ஓரத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி புகுந்தது. கோடிக்கணக்கான ஏழைகளின் சோறு அங்கே மரவள்ளிதான். விஞ்ஞானிகள் அந்தப் பூச்சியின் சொந்த ஊரைத் தேடித் தென்னமெரிக்கா போனார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் பூச்சியையும், அதன் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சிறு குளவியையும் கண்டார்கள். அந்தக் குளவியை நைஜீரியாவில் பெருக்கி விட்டார்கள். அது ஆப்பிரிக்காவில் நாடு நாடாகப் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நம் சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காடுகளில் புகுந்தது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பிய விவசாயிகள் தலையில் கை வைத்தார்கள். நமது விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை, வெளியிட்டார்கள். அதன் பலன் என்ன? ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவி பெங்களூருக்கு வந்து, குவாரண்டைனில் சோதிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விவசாயிகளின் வயலுக்குப் போயிற்று.

பராகுவே கண்டுபிடித்தது, ஆப்பிரிக்கா வளர்த்தது, தமிழ்நாடு பெற்றது. குளவிக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை. ஏழை நாட்டுக்கு ஏழை நாடு கொடுத்த உதவி இது. இதற்குப் பெயர் சர்வதேசியம் இல்லாமல் வேறென்ன?

அதற்கு முன்பும் நடந்தது. 2008-இல் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பாழாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியோடு, மூன்று வகைக் குளவிகள் வந்தன. பூச்சி அடங்கியது. அமெரிக்க ஆட்சியாளரைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் ஊரறிந்தது. ஆனாலும் அந்தக் குளவி நல்ல குளவி என்று சொல்ல நமக்கு வெட்கமில்லை.

நம் தென்னையின் வெள்ளை ஈக்கும் இயற்கையிலேயே ஒரு சிறு குளவி எதிரியாக இங்கே காணப்படுகிறது. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிக்காதீர்கள் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். விசைத் தண்ணீர் அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள் என்கிறார்கள். மருந்து ஈயோடு குளவியையும் கொன்றுவிடும். ஆனால் நம் தோழருக்கு இதை முதலில் சொன்னது யார்? சர்க்கார் இலாகாவா? இல்லை. மருந்துக் கடைக்காரர்தான் முதலில் ஆலோசனை சொன்னார். அவர் விற்பதைத்தான் அவர் சொல்லுவார். ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு மருந்தடித்துத் தன் நண்பனான குளவியைத் தானே கொன்ற பிறகுதான் தோழருக்கு விஷயம் தெரிந்தது.

ரோமாபுரிக்குத் தெரிந்த செய்தி ராமநாயக்கன்பேட்டைக்குத் தெரியாமல் போனால், அந்த அறிவிப்பால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இரண்டு தராசுகள்

நம் நாட்டில் வெளியே போகும் சரக்குக்கு ஒரு தராசு, உள்ளே வரும் சரக்குக்கு இன்னொரு தராசு.

2014 மே மாதம் ஐரோப்பிய யூனியன், பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்தன என்று நம் மாம்பழத்துக்கும் நான்கு காய்கறிகளுக்கும் தடை போட்டது. உடனே டில்லி பரபரத்தது. பரிசோதனை கடுமையாயிற்று. 2015 தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதான தடை நீங்கியது. வெளிநாட்டு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் சில மாதங்களில் காரியம் நடக்கிறது!

உள்ளே வருவதற்கு என்ன சட்டம்? 1914-இல் வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அழிவுப் பூச்சிகள் சட்டம். இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் 2003 உத்தரவும் அந்தச் சட்டத்தின் கிளைதான். நூறு வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2013-இல் விவசாய உயிர்ப் பாதுகாப்பு மசோதா என்று ஒன்றை லோக்சபையில் கொண்டுவந்தார்கள். 2014-இல் சபை கலைந்தது, மசோதாவும் காலாவதியாயிற்று. 2020-இன் இறுதியில் வெங்காய விலை ஏறியபோது, இறக்குமதி வெங்காயத்துக்கு விஷவாயுப் புகையூட்டும் நிபந்தனைகளை உத்தரவு போட்டுத் தளர்த்தினார்கள். வெங்காயம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஏழை வீட்டுக் குழம்புக்கும் அது வேண்டும். ஆனால் வியாபாரிக்கு நிபந்தனையைத் தளர்த்தத் தெரிந்த சர்க்காருக்கு, பூச்சியால் நொந்த விவசாயிக்கு விதியைத் தளர்த்தத் தெரிகிறதா?

நமது சென்னை மாகாணத்தின் 1919-ஆம் வருஷத்துப் பூச்சி நோய்ச் சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? அறிவிக்கப்பட்ட பூச்சியை நிலத்துக்காரன் ஒழிக்க வேண்டும். ஒழிக்காவிட்டால் சர்க்காரே ஒழித்துச் செலவை அவனிடம் வசூலிக்கலாம். பூச்சி வந்து சேர்ந்த நிலத்துக்காரனிடம் வசூலிக்க அன்றே வழி கண்டுபிடித்தார்கள். பூச்சியைக் கொண்டுவந்த சரக்குக்காரனிடம் வசூலிக்கும் வழியை மட்டும் யாருக்கும் தோன்றவில்லை!

முதல் காவல்காரன் யார்?

புதுப்பூச்சியை முதலில் பார்ப்பது விஞ்ஞானி அல்ல. பெட்டியை உடைக்கும் கூலித் தொழிலாளி. நம் பகுதியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். கம்பெனியின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். வெளிநாட்டு இயந்திரம் வந்த மரப்பெட்டியை உடைத்த காண்டிராக்ட் தொழிலாளி, பலகையின் துளையிலிருந்து புது மரத்தூள் கொட்டுவதைக் கண்டார். மேஸ்திரியிடம், "பாய், உள்ளே ஏதோ உயிர் இருக்குது, பாருங்க" என்றார். "உனக்கு என்னப்பா, வேலையைப் பார். லாரி நிக்குது" என்பதுதான் பதில். பலகைகள் அன்று மாலையே விறகு விலைக்குப் போயின. எத்தனை வீட்டு முற்றத்தில் அவை எத்தனை நாள் கிடந்தனவோ!

அந்தத் தொழிலாளி அதற்கு மேல் பேசியிருந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருந்திருக்காது. எனவே சொல்லுகிறோம்: நிரந்தர வேலையும் பேசும் உரிமையும் இல்லாத தொழிலாளியை வாசலில் நிறுத்திவிட்டு, உலக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவதுதான். மெத்தில் புரோமைடு அடிக்கும் கொட்டகையில் முகமூடி சரியில்லாமல் நிற்பவனும் அவனேதான்.

வாணியம்பாடி கற்றுக்கொடுத்த சட்டம்

"கொண்டுவந்தவனைக் கண்டுபிடிக்கவே முடியாதே, யாரிடம் வசூலிப்பது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் நம் ஊர் மண்ணிலேயே இருக்கிறது.

தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோதும் இதையேதான் கேட்டார்கள்: எந்த ஷாப்பின் உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று நிரூபி! வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மாசு செய்தவனே அதன் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஆபத்து வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐந்து ஜில்லாக்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்து, அதை ஒரு நிதியில் சேர்க்கச் சொன்னது. யார் உப்பு, யார் கிணறு என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் நம் ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2025 ஜனவரி 30-இல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாற்று வழக்கில் சொல்ல நேர்ந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு சர்க்கார் முதலில் நஷ்டஈட்டைக் கொடுக்கட்டும், பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலிக்கட்டும்.

இதையே பூச்சிக்கும் பொருத்துங்கள் என்கிறோம். பூச்சியும் ஒரு மாசுதான். சொல்லப்போனால் உப்பைவிடக் கொடிய மாசு. கிணற்றில் இறங்கிய உப்பு குட்டி போடாது. ஓலையில் இறங்கிய ஈ முட்டையிட்டுப் பெருகும். தாவரமும் தானியமும் மரமும் இறக்குமதி செய்யும் ஒவ்வொருவரிடமும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு வரி வாங்கி நிதி சேர்த்தால், பெயர் தெரியாத குற்றவாளியைத் தேடி விவசாயி அலைய வேண்டியதில்லை.

நமது கோரிக்கைகள்

ஒன்று: புதுப்பூச்சி பற்றிய செய்தி ரோமாபுரிக்கு அனுப்பப்படும் அதே நாளில், தமிழில், பஞ்சாயத்து ஆபீசிலும் உழவர் சந்தையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டப்பட வேண்டும். எந்த மருந்தை அடிக்கக்கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: இறக்குமதியாளர் வரியால் நஷ்டஈட்டு நிதி. சர்க்கார் முதலில் கொடுக்கட்டும், பிறகு வசூலிக்கட்டும். பரவலைத் தடுக்க விவசாயியின் மரத்தை வெட்டினால், வெட்டும் அன்றே பணம்.

மூன்று: 1914 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம். அதில் விவசாயிகள் சங்கங்களுக்கும் துறைமுகத் தொழிலாளர் சங்கங்களுக்கும் இடம்.

நான்கு: ஜில்லாவுக்கு ஒரு நன்மைப் பூச்சி வளர்ப்பு நிலையம், சிறு விவசாயிகளுக்குக் குளவி இலவசம்.

ஐந்து: பெட்டியில் பூச்சியைக் கண்டு சொல்லும் தொழிலாளிக்கு வேலைப் பாதுகாப்பு, புகையூட்டும் தொழிலாளிக்கு முறையான கவசமும் வைத்தியப் பரிசோதனையும்.

ஆறு: சர்வதேச அரங்கில் இந்தியா ஒளிக்காமல் அறிவிக்க வேண்டும், நேர்மையாக அறிவிக்கும் நாட்டின் மீது நியாயமற்ற தடை போடுவதை எதிர்க்கவும் வேண்டும்.

தோழர்களே! பாலாறு உப்பானபோது, "இது விவசாயி பிரச்னை" என்று தொழிலாளியும், "இது தொழிலாளி பிரச்னை" என்று விவசாயியும் தனித்தனியே நின்றார்கள். கிணறு போனது விவசாயிக்கு. ஷாப்பு மூடியபோது சம்பளம் போனது தொழிலாளிக்கு. இருவர் வீட்டிலும் ஒரே தண்ணீர்தான் கரித்தது. அந்தத் தவற்றை இன்னொரு முறை செய்ய வேண்டாம். உங்கள் தோப்பில் புதுப் பூச்சியைக் கண்டால் ஓலையோடு கொண்டுவந்து சங்கத்தில் காட்டுங்கள். கம்பெனியில் துளை விழுந்த பலகையைக் கண்டால் தனியாகச் சொல்லாதீர்கள். பத்துப் பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் மேஜைமீது மனுவோடு ஒரு கறுத்த ஓலையும் இருக்கட்டும்.

அதைப் பார்த்து, "இது எங்கிருந்து வந்தது?" என்று அதிகாரி கேட்பார். "அதைத்தான் ஐயா உங்களைக் கேட்க வந்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள்.